ஆறு மாதம் தாங்கும் கப்பல்: இன்வெஸ்டிகேட்டர், நவம்பர் 1802

1802 நவம்பர் 26. ஆஸ்திரேலியாவின் வடகரையில், கார்ப்பென்டாரியா வளைகுடாவின் தென்கோடியில், இன்வெஸ்டிகேட்டர் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் இரண்டு தீவுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டு நின்றது. கப்பலை ஓட்டும் பொறுப்பிலிருந்த மாஸ்டர் ஜான் ஏக்கனும் தச்சர் ரஸல் மார்ட்டும் கேப்டனிடம் ஓர் அறிக்கையைக் கொடுத்தார்கள். கேப்டன் மேத்யூ ஃப்ளிண்டர்ஸுக்கு அப்போது வயது 28. அந்தக் கண்டத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, கரை முழுவதையும் அளந்து வரைந்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று கிளம்பியவர். வேலை பாதியில் இருக்கும்போது அறிக்கை சொன்னது இதுதான்: கப்பல் அழுகிவிட்டது.

அவர் அதே கப்பலில் வேலையைத் தொடர்ந்தார். இதைப் பெரும்பாலும் துணிச்சல் என்ற ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1814-ல் வெளிவந்த அவருடைய பயண நூலில் (எ வாயேஜ் டு டெர்ரா ஆஸ்ட்ராலிஸ்) அந்த நாட்களை நிதானமாகப் படித்தால், துணிச்சலைக் காட்ட அங்கே பெரிதாக இடமே இருக்கவில்லை என்று தோன்றுகிறது. காற்று எல்லா வழியையும் அடைத்துவைத்திருந்தது. தப்பு நடந்தது அதற்கு ரொம்ப முன்னால்.

முதலில் அறிக்கையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணையைக் கடந்து வளைகுடாவுக்குள் வரும்போதே கப்பலில் நீர்க்கசிவு பலமாகிவிட்டது. ஆகவே ஸ்வீர்ஸ் தீவை ஒட்டி, நல்ல தண்ணீர் கிடைக்கிற மறைவான இடமாகப் பார்த்து நிறுத்தி, கப்பலைக் கொஞ்சம் சாய்த்துக் கலப்பத்து வேலையைத் தொடங்கினார்கள். பலகை இடுக்குகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துக் கீல் ஊற்றி அடைக்கிற சாதாரண வேலைதான். அடைக்கப் போன இடத்தில் ஒவ்வொன்றாகச் சேதி வர ஆரம்பித்தது. இந்தப் பலகை போச்சு, அந்த வங்கு (கப்பலின் விலாமரம்) போச்சு, மர ஆணி போச்சு. உடனே ஃப்ளிண்டர்ஸ் சில கேள்விகளை எழுதிக் கொடுத்து, முறையாகச் சோதித்துப் பதில் எழுதித் தரச் சொன்னார்.

பதிலில் கணக்கு இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இடப்பக்கம், முன்பாய்மரத்துக்கு அருகே பார்த்த மேல்வங்குகள் 10. அதில் 4 நல்லது, 1 பாதி அழுகல், 5 முழு அழுகல். வலப்பக்கம் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, ஒட்டிப் பார்த்தவை மூன்று, மூன்றுமே அழுகல். சுமாரான காற்றிலேயே மணிக்கு 10 அங்குலம் தண்ணீர் ஏறிய கப்பல் இது, இன்னும் கொஞ்சம் அலை அடித்தால் இரண்டு பம்பையும் ஓட்ட வேண்டிவரும், பெருங்காற்றும் கடலும் சேர்ந்தால் மூழ்காமல் தப்புவது கஷ்டம். மோசமான இடத்தில் தரைதட்டினால் அந்தக் கணமே சிதறிவிடும், மெத்தென்ற தரையும் அமைதியான நீருமாக இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கலாம். அடிப்பக்கம் தெரியும்படி முழுக்கச் சாய்த்துப் பழுது பார்க்க இந்த உடம்பு தாங்காது. கடைசியாக, 12 மாதத்தில் இதில் நல்ல மரம் என்று ஒன்றுகூட மிஞ்சாது, ஆனால் நல்ல வானிலையும் விபத்தில்லாத ஓட்டமும் அமைந்தால் இன்னும் 6 மாதம் பெரிய ஆபத்தில்லாமல் ஓட்டலாம்.

இந்த அறிக்கையைச் சுருக்காமல் அப்படியே நூலில் அச்சிட்டிருக்கிறார். அதற்கு நேர்மை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒப்படைத்த வேலையை முடிக்காமல் வந்த அதிகாரி, ஏன் முடிக்கவில்லை என்று கடற்படைத் தலைமையான அட்மிரால்டிக்கும் உலகத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நூலின் இந்தப் பகுதி பயணக்கதை, கூடவே ஒரு வாக்குமூலமும்கூட. படிக்கும்போது அதை ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஏழே வருடத்தில் ஒரு கப்பல் ஏன் இப்படி ஆனது?

ஜெனோஃபான் என்ற பெயரில் 1795-ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து பக்கம் நிலக்கரி ஏற்றுவதற்குக் கட்டிய 334 டன் கப்பல் அது. 1798-ல் கடற்படை வாங்கியது, 1801-ல் பெயரை மாற்றி இந்த வேலைக்கு ஒதுக்கியது. இவருக்கு முன் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை வரைந்த கேப்டன் குக் ஓட்டிய எண்டெவரும் நிலக்கரிக் கப்பல்தான். வயிறு அகலம், அடி தட்டை, சாமான் நிறையக் கொள்ளும் என்பதால் கரையோர வேலைக்கு இந்த வகை சரி. வகை சரி, கப்பல்தான் சரியில்லை. 1801 ஜூலை 18-ல் ஸ்பிட்ஹெட்டிலிருந்து கிளம்பிய கொஞ்ச நாளிலேயே மணிக்கு 3 அங்குலம் என்று கசிய ஆரம்பித்துவிட்டது. பிரான்சோடு போர் நடக்கும்போது இதைவிட நல்ல கப்பலை இந்த வேலைக்குத் தர முடியாது என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும், வேலையை முடிக்கும் ஆவலில் தந்ததை மறுக்க முடியவில்லை என்றும் ஃப்ளிண்டர்ஸே எழுதுகிறார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா என்பது போலத்தான். ஆனால் இந்த மாட்டில் ஏறிப் போகப்போவது விஞ்ஞானிகளும் மாலுமிகளுமாகச் சுமார் 80 பேர். தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், ஓவியர்கள் ஃபெர்டினாண்ட் பாவர், வில்லியம் வெஸ்டால், அப்புறம் பின்னாளில் ஆர்க்டிக்கில் காணாமல்போன ஜான் ஃப்ராங்க்ளின், அப்போது சின்னப் பையன், எல்லோரும் அதில்தான் இருந்தார்கள்.

எனக்கு உறுத்துவது சிட்னி. தென்கரையை அளந்து முடித்துவிட்டு 1802 மே 9-ல் அங்கே வந்தவர் ஜூலை 22-ல்தான் வடக்கே கிளம்புகிறார். பத்து வாரம்! கப்பலைச் செப்பனிடவே நின்ற பத்து வாரம். அப்போது இந்த அழுகல் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் இவர் மேலோட்டமாக வேலை பார்க்கிற ஆளே இல்லை. கப்பலின் முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத் திசைகாட்டி சில டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்பதைக் கவனித்து, அதற்குக் கப்பலில் இருக்கும் இரும்புதான் காரணம் என்று விடாமல் துரத்திப் பிடித்தவர். திசைகாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தும் இரும்புத் தண்டை இன்றைக்கும் கப்பல்காரர்கள் ஃப்ளிண்டர்ஸ் பார் என்றுதான் சொல்கிறார்கள். முள்ளின் பிழையை அப்படித் தேடியவர், காலுக்குக் கீழே இருந்த மரத்தை நம்பிவிட்டார்.

காற்று விட்ட வழி

சரி, ஸ்வீர்ஸ் தீவுக்குத் திரும்புவோம். நவம்பர் கடைசி. வடமேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம், அது மார்ச் வரை நிற்கும். வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். சிட்னிக்குப் போக இரண்டு வழி. மேற்கே போய்க் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம், அப்படியானால் மாதக்கணக்கில் எதிர்க்காற்று, அழுகிய அணியம் ஒவ்வொரு அலையிலும் போய் முட்டும். கிழக்கே வந்த வழியே திரும்பலாம், அப்படியானால் புயல் பருவத்தில் டாரஸ் நீரிணை. நல்ல வானிலையில் கடப்பதற்கே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டிய பவளப்பாறைக் காடு அது, தட்டினால் சிதறும் என்று எழுதிக் கொடுத்திருக்கிற கப்பலோடு அங்கே போவதா? கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) ஏதாவது ஒரு துறைமுகத்துக்கு ஓடிவிடலாமே என்றால் அதுவும் மேற்கேதான், அதே எதிர்க்காற்று.

மூன்றாவது வழி, இருந்த இடத்திலேயே இருப்பது. பருவக்காற்று முடியும் வரை வளைகுடாவுக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிட்டு, காற்று திரும்பியதும் மேற்கே போவது. எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், காத்திருக்கும் நேரத்தில் கரையை அளந்தால் என்ன? அவர் எடுத்த முடிவு இதுதான். வளைகுடாவை முடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் கூட இருந்தது என்று அவரே ஒத்துக்கொள்கிறார், அதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆசையும் கணக்கும் ஒரே திசையில் இழுத்தன, அவ்வளவுதான். இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. வளைகுடாவின் மேற்குக் கரையில் வடமேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கப்பலைக் கரையில் கொண்டுபோய் அறையாது, கரையை விட்டுத் தள்ளும். இந்தக் கப்பலுக்கு அதைவிடத் தோதான கரை அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் இருந்திருக்காது என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவர் அளக்கும் விதம்தான் இந்தக் கப்பலுக்குப் பொருந்தாதது. கப்பலை ஓட்டிக்கொண்டே அளப்பது. கரையில் அலை உடைவது மேல்தளத்திலிருந்தே தெரிகிற அளவுக்கு நெருங்கிப் போவார், அப்போதுதான் ஆறு வாய், கழிமுகம் எதுவும் தப்பாது. ஒவ்வொரு முனைக்கும் திசைக்கோணம் எடுப்பதும், பாய்மர உச்சியில் ஏறிப் பார்ப்பதும் அவர் வேலை. இருட்டியதும் கரையை விட்டு விலகி நின்று, அன்றைய கோணங்களை வைத்துப் படம் வரைந்து முடித்த பிறகுதான் தூக்கம். மறுநாள் காலை முந்தின நாள் விட்ட அதே இடத்துக்கு வந்து அங்கிருந்து தொடர்வார். ஆழம் தெரியாத கடலில், தட்டக் கூடாத கப்பலோடு, தினமும் கரைக்கு உரசலாக!

கிடைத்த படம் அருமையான படம். அதுவரை இந்த வளைகுடாவுக்கு இருந்தது டச்சுக்காரர்களின் பழைய கோடுகள்தான். இது உள்ளே நீண்டு போய்க் கண்டத்தை இரண்டாகப் பிளக்கிறதோ என்ற சந்தேகம்கூட இருந்தது. இல்லை என்று ஆனது. டச்சுப் படத்தில் முனை என்று போட்டிருந்த வான் டீமன், வாண்டர்லின், மரியா மூன்றுமே தீவுகள் என்று தெரிந்தது. ஆனாலும் பழைய படத்தை அவர் மட்டம் தட்டவில்லை, டச்சுப் பெயர்களை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொண்டார். வளைகுடாவுக்கு 105 நாள் ஆயிற்று. தீவுகளையும் கழிமுகங்களையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலே சுற்றளவு ஏறக்குறைய 400 லீக், அதாவது 2,200 கிலோமீட்டர் பக்கம்.

அந்த நாட்களில் எல்லாமே பெருமைப்படும்படி நடந்துவிடவில்லை. 1803 ஜனவரி 21-ல் விறகு வெட்டப் போன ஒரு தீவில் அந்த மண்ணின் ஆள் ஒருவர் ஈட்டியை நீட்ட, கொடுக்கிறார் என்று நினைத்து வாங்கக் கை நீட்டிய வைட்வுட் என்ற மாலுமி குத்துப்பட்டார். துப்பாக்கி வெடித்தது. பின்னர் ஏக்கன் போன படகிலிருந்து சுட்டதில் அவர்களில் ஒருவர் செத்தார். ஃப்ளிண்டர்ஸுக்கு இது பிடிக்கவில்லை, எழுதியும் வைத்திருக்கிறார். அன்றைக்கே வெயில் தாக்கி இறந்த மோர்கன் என்ற கடற்படை வீரரின் பெயர் அந்தத் தீவுக்குப் போனது. சுடப்பட்டவரை வெஸ்டால் படமாக வரைந்தார். பெயர் யாருக்கும் தெரியாது.

எனக்குப் பிடித்த இடம் பிப்ரவரி 17. வளைகுடாவிலிருந்து வெளியே வந்த பிறகு, ஒரு தீவின் மறைவில் ஆறு படகுகள் நிற்பதைப் பார்க்கிறார்கள். கடற்கொள்ளையராக இருக்கலாம் என்று எல்லோரும் பீரங்கிப் பக்கம். படகுகளில் வெள்ளைக்கொடி ஏறுகிறது. இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மக்காசாரிலிருந்து கடலட்டை எடுக்க வந்தவர்கள். தலைவர் பெயர் போபாசூ. ஃப்ளிண்டர்ஸின் சமையல்காரர் மலாய்க்காரர் என்பதால் பேச்சுக்கு வழி கிடைத்தது. போனி அரசருக்குச் சொந்தமான 60 படகுகளில் 1,000 பேர் இந்தக் கரையில் பரவியிருக்கிறார்கள், போபாசூ இருபது வருடத்தில் ஆறேழு தடவை வந்துபோயிருக்கிறார். அட்டையை முங்கி எடுத்து, கீறி, வேகவைத்து, கல் வைத்து அழுத்தி, மூங்கில் குச்சியால் விரித்து, காயவைத்துப் புகை போட்டு, சீன வியாபாரிகளிடம் விற்பது. ஒரு படகுக்கு ஒரு லட்சம் அட்டை! குடிதண்ணீரை மூங்கில் கணுக்களில் ஒரு மாதத்துக்கு நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். வழி பார்க்க அவர்களிடம் இருந்தது டச்சுக்காரர் செய்த குட்டித் திசைகாட்டி ஒன்றுதான். பல வாரமாகத் தீவுகளில் பார்த்த உடைந்த பானை ஓடும், கல்லடுக்கிய அடுப்பும், வெட்டிய மரமும் யார் வேலை என்ற ஃப்ளிண்டர்ஸின் குழப்பம் அன்றைக்குத் தீர்ந்தது. வரைபடத்தில் இல்லாத கரை, அவர்களுக்கு வருடாந்தரத் தொழிலிடம். போபாசூ கிளம்பும்போது ஒரு பிரிட்டிஷ் கொடியும், இனி வரும் கப்பல்காரர்களிடம் காட்ட ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொண்டார். விவரமான ஆள்.

1803 மார்ச் 6-ல் வெஸல் தீவுகளுக்கு அருகே அளவை நின்றது. நிறுத்தியது கப்பல் இல்லை, உடம்பு. ஆட்களுக்கு ஸ்கர்வி, பழமும் காய்கறியும் இல்லாமல் வருகிற நோய். ஃப்ளிண்டர்ஸின் காலிலும் புண், பாய்மரம் ஏற முடியாது, படகில் போக முடியாது. அளக்கிற வேலை முழுவதும் தன் தலையில் என்று வைத்துக்கொண்டவருக்கு இதுதான் விலை. தைமோரில் குப்பாங் துறைமுகத்தில் மார்ச் 31 முதல் ஏப்ரல் 8 வரை நின்று உணவும் தண்ணீரும் ஏற்றினார்கள், கூடவே வயிற்றுக்கடுப்பும் ஏறியது. தென்கரை வழியே ஓடிவரும்போது பாய், கயிறுகளைக் கவனிக்கும் போத்ஸ்வைன் டக்ளஸ் உட்படச் சிலர் செத்தார்கள். தோட்டக்காரர் பீட்டர் குட் சிட்னியைப் பார்த்துவிட்டு மூன்றே நாளில் போய்விட்டார்.

சிட்னிக்கு வந்து சேர்ந்தது ஜூன் 9. நவம்பர் 26-லிருந்து எண்ணினால் ஆறு மாதமும் 14 நாளும். தச்சர் மார்ட் போட்ட கணக்கை மெச்சத்தான் வேண்டும்.

பதின்மூன்று வங்குகள்

அந்தக் கணக்குக்குப் பின்னால் எவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தது என்பது சிட்னியில் பலகையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. சோதிக்க வந்த அதிகாரிகளோடு ஃப்ளிண்டர்ஸும் கூடவே சுற்றிப் பார்த்தார். வலப்பக்க அணியத்தில் அடுத்தடுத்து 13 வங்குகள், எதில் வேண்டுமானாலும் ஒரு பிரம்பைக் குத்தி மறுபக்கம் எடுத்துவிடலாம். டாரஸ் நீரிணையில் மணிக்கு 12 அங்குலம் தண்ணீர் ஏறியது இந்தப் பக்கத்தில்தான். தென்கரையில் கிழக்கு நோக்கி வரும்போது மட்டும் ஏன் 5 அங்குலத்தைத் தாண்டவில்லை? காற்று தெற்கிலிருந்து, அதாவது வலப்பக்கமிருந்து அடித்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து ஓடியது. அழுகிய வலப்பக்க அணியம் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. காற்று வடக்கிலிருந்து வந்திருந்தால், பாதிப் பேர் படுக்கையில் கிடந்த அந்தக் கப்பலில் பம்பு அடிக்க ஆள் போதாமல் போயிருக்கும் என்றும், எந்தப் பக்கமிருந்து ஒரு பெரும்புயல் வந்திருந்தாலும் மூழ்கியிருப்போம் என்றும் அவரே எழுதுகிறார்.

ஆகவே ஸ்வீர்ஸ் தீவில் எடுத்த முடிவைச் சரி என்றுதான் சொல்வேன். கப்பல் தப்பி வந்தது என்பதற்காக இல்லை. அது காற்று வீசிய பக்கம் போட்ட பிச்சை. அன்றைக்குக் கையிலிருந்த தகவலில் மற்ற இரண்டு வழிகளும் இதைவிட மோசம் என்பதற்காக. பிப்ரவரி நடுவில் போபாசூவைப் பார்த்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் கரையை ஒட்டி அளந்துகொண்டிருந்தாரே, ஆட்களின் உடம்பை வைத்துப் பார்த்தால் அதை நியாயப்படுத்துவது கஷ்டம். அப்போதே தைமோருக்குத் திரும்பியிருக்கலாம்.

அப்புறம் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. எந்த நாட்டில் வைத்தும் பழுதுபார்க்கத் தகுதியில்லை என்று இன்வெஸ்டிகேட்டரைக் கழித்துவிட, வேறு கப்பல் கேட்டு வாங்க ஃப்ளிண்டர்ஸ் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். பயணியாக ஏறிய போர்பாய்ஸ் என்ற கப்பல் 1803 ஆகஸ்ட் 17 இரவில் பவளப்பாறையில் மோதியது. திறந்த படகில் சிட்னிக்கு வந்து, உதவியோடு போய் ஆட்களை மீட்டு, 29 டன் கம்பர்லாண்டில் மீண்டும் கிளம்பினார். அதுவும் ஒழுகியது, பம்பும் சரியில்லை. டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீஷியஸில் ஒதுங்கினார். கையிலிருந்த பிரெஞ்சு அனுமதிச்சீட்டு இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலுக்கு எழுதியது. கவர்னர் தெகான் பிடித்து வைத்துக்கொண்டார், 1810 ஜூன் வரை. விடுவிக்க முயன்றவர்களில் மதராஸ் கவர்னர் வில்லியம் பென்டிங்க்கும் ஒருவர், வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு பதவி போன அதே பென்டிங்க். அறிக்கை கையில் வந்த அன்று கப்பல் நின்ற இரண்டு தீவுகளில் பெரியதற்கு அவர் பெயர் வந்தது இப்படித்தான். நூல் 1814 ஜூலை 18-ல் வெளிவந்தது, மறுநாள் ஃப்ளிண்டர்ஸ் இறந்தார். அவர் விட்ட வடக்கு, வடமேற்குக் கரையை ஃபிலிப் பார்க்கர் கிங் 1818-லிருந்து 1822 வரை நான்கு தடவை போய் அளந்தார்.

இன்வெஸ்டிகேட்டரை என்ன செய்தார்கள்? மேல்தளத்தை வெட்டி எடுத்துச் சின்னதாக்கி, பாய்களை மாற்றி, வில்லியம் கென்ட் என்ற அதிகாரியிடம் கொடுத்தார்கள். 1805 மே மாதம் ராபர்ட் பிரௌனையும் பாவரையும் அவர்களுடைய செடிகள், ஓவியங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சிட்னியிலிருந்து கிளம்பி, கேப் ஹார்னைச் சுற்றி, அக்டோபரில் லிவர்பூல் போய்ச் சேர்ந்தது. அப்போது ஃப்ளிண்டர்ஸ் மொரீஷியஸில் இருந்தார். பிடிபட்டு இரண்டாவது வருடம் முடியப்போகிற நேரம்.